ஸ்டெல்லாரிஸில் அலாய் கணக்கும் போர்க் கணக்கும்

பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட விண்வெளிப் பேரரசு வீடியோ கேமான ஸ்டெல்லாரிஸில் புதிதாக ஆடுபவர்கள் பலரும் முதல் பெரிய போரில் தோற்றுவிட்டு, கப்பல்களைச் சரியாக நகர்த்தவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய சேவ் ஒன்றைத் திறந்து பின்னோக்கிப் பார்த்தால் காரணம் வேறு இடத்தில் கிடைக்கும். சண்டைக்குப் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் கட்டும் உலோகமான அலாய் வரவு குறைவாக இருந்திருக்கும், விரிவாக்கத்துக்கும் ராஜதந்திரத்துக்கும் செலவாகும் இன்ஃப்ளூயன்ஸ் எல்லாம் அவுட்போஸ்டிலேயே (மண்டலத்தை உரிமையாக்கும் சிறு நிலையம்) கரைந்திருக்கும், போர் எந்த விதியின்படி முடியும் என்பதையும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் சண்டை தானாகவே நடக்கும். நம் கையில் இருப்பது அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வேலைதான். அந்த வேலையைப் பற்றியது இந்த வழிகாட்டி.

ஒரு முன்குறிப்பு. இங்கே வரும் எண்கள் 3-ஆம் வரிசைப் பதிப்புகளின் அடிப்படை எண்கள். டெக்னாலஜி, டிரெடிஷன் (பேரரசின் மரபுத் தேர்வுகள்) போனஸ்கள் சேர்க்காதவை. 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பு, மக்கள்தொகையையும் கோள்களின் அமைப்பையும் வணிகத்தையும் பெரிதாக மாற்றியது. அதில் ஆடுபவர்கள் பொருளாதார எண்களை வேலையின் மீது மவுஸை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போர், கிளெய்ம் (மண்டலத்தின் மீதான உரிமைக் கோரிக்கை), ஆயுத வகை பற்றிய பகுதிகளின் அடிப்படை பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

முதல் 30 ஆண்டுகள்

ஆட்டம் 2200 ஜனவரி 1-இல் தொடங்கும்போது ஒரு சயின்ஸ் ஷிப், ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் ஷிப், மூன்று கார்வெட் (மிகச் சிறிய போர்க்கப்பல்) கையில் இருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்தி நிறுத்திவைத்தபடியே முதல் கட்டளைகளைக் கொடுங்கள். முதலில் இன்னொரு சயின்ஸ் ஷிப் கட்டுங்கள், முடிந்தால் சீக்கிரமே மூன்றாவதையும். சர்வே செய்யாத விண்மீன் மண்டலத்தில் அவுட்போஸ்ட் எழுப்ப முடியாது. சயின்ஸ் ஷிப் பின்தங்கினால் பேரரசும் பின்தங்கும். சயின்ஸ் ஷிப்பை இவேசிவ் நிலையில் வைத்திருங்கள். பகைமையான உயிரினங்கள் இருக்கும் மண்டலத்தில் நுழைந்து கப்பலோடு விஞ்ஞானியையும் இழப்பது ஆரம்பத்தில் பெரிய அடி.

அவுட்போஸ்ட் ஒன்றுக்கு 100 அலாய், 75 இன்ஃப்ளூயன்ஸ் ஆகும். தொடக்கத்தில் இன்ஃப்ளூயன்ஸ் மாதம் ஏறக்குறைய 3 தான் வரும். 75-ஐ 3-ஆல் வகுத்தால் 25 மாதம். அதாவது அந்த வரவை மட்டும் நம்பினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு அவுட்போஸ்ட்தான். அயல் இனங்களுடனான முதல் சந்திப்பு விசாரணைகளை முடித்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் அந்த விசாரணைகளைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லையிலிருந்து தள்ளியுள்ள மண்டலத்தைத் தாவிப் பிடித்தால் இன்ஃப்ளூயன்ஸ் செலவு கூடிக்கொண்டே போகும். ஆனாலும் ஒரு விஷயத்துக்காக அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்: நுழைவாயில் மண்டலம். வரைபடத்தைத் தூரமாக்கி, மண்டலங்களை இணைக்கும் பாதைகளான ஹைப்பர்லேன் கோடுகளை மட்டும் பாருங்கள். பக்கத்து நாட்டுக்கும் உங்களுக்கும் இடையே எல்லா வழிகளும் ஒன்றிரண்டு மண்டலங்களில் வந்து குவியும். அந்த மண்டலத்தை முதலில் பிடித்து, எல்லைகளை மூடிவிட்டால், பின்னால் இருக்கும் காலி மண்டலங்களை அவசரமில்லாமல் நிரப்பிக்கொள்ளலாம். பளபளக்கும் மினரல் மண்டலம் ஒன்றுக்காக நுழைவாயிலை விட்டுக்கொடுத்தால், அதே இடத்தைப் பிறகு போரிட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இன்ஃப்ளூயன்ஸின் உச்ச சேமிப்பு 1000. அதை நெருங்குவது வீண். ஆனால் 2220-க்குப் பிறகு பூஜ்யத்தில் நிற்பதும் ஆபத்து. கிளெய்ம், ஒப்பந்தம் எல்லாமே இதிலிருந்துதான் போகும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள்.

அலாய் எங்கிருந்து வருகிறது

கப்பல், ஸ்டார்பேஸ், பாதுகாப்புத் தளம், பின்னாளில் மெகாஸ்ட்ரக்சர் என எல்லாவற்றுக்கும் அலாய்தான் மூலப்பொருள். ஒரு மெட்டலர்ஜிஸ்ட் மாதம் 6 மினரலை விழுங்கி 3 அலாய் தருகிறார். ஒரு சுரங்கத் தொழிலாளி தருவது 4 மினரல். ஆகவே 10 மெட்டலர்ஜிஸ்டுகளிடமிருந்து 30 அலாய் வேண்டுமென்றால் 60 மினரல் தேவை. அதற்கு 15 சுரங்கத் தொழிலாளிகள் வேண்டும், அல்லது விண்வெளியில் அதற்கு ஈடான சுரங்க நிலையங்கள். மெட்டலர்ஜிஸ்டும் ஆராய்ச்சியாளரும் சாதாரணத் தொழிலாளியைவிடக் கூடுதலாகக் கன்ஸ்யூமர் குட்ஸ் (நுகர்பொருள்) செலவழிப்பவர்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் தன் வேலைக்கென்றே மாதம் 2 எடுத்துக்கொள்கிறார். அந்தக் கன்ஸ்யூமர் குட்ஸைச் செய்யும் ஆர்ட்டிசனும் அதே மினரலைத்தான் தின்கிறார்: 6 மினரலுக்கு 6. ஒரே மினரல் குழாயில் இரண்டு வாய்கள் என்று நினைத்துக்கொண்டால், புதியவர்கள் ஏன் திடீரென்று பற்றாக்குறையில் விழுகிறார்கள் என்பது புரிந்துவிடும். தொழிற்சாலை மாவட்டத்தைக் கட்டுவதற்கு முன்பு, மாத மினரல் வரவு அந்தப் புதிய வேலைகளைத் தாங்குமா என்று பாருங்கள். வரவு +10 இருக்கும்போது நான்கு மெட்டலர்ஜிஸ்ட் இடங்களைத் திறந்தால் -14 ஆகிவிடும்.

ஒவ்வொரு கோளுக்கும் ஒரே வேலை கொடுங்கள். சுரங்க மாவட்டம் அதிகமுள்ள கோள் சுரங்கத்துக்கு, பெரிய கோள் ஒன்று முழுக்க அலாய்க்கு, இன்னொன்று ஆராய்ச்சிக்கு. கோளின் டெசிக்னேஷனை (எந்த வேலைக்கான கோள் என்ற குறிப்பை) ஆட்டமே தானியங்கியாகத் தேர்ந்தெடுப்பதை நம்பாமல் நீங்களே அமைத்துவிடுங்கள். அந்த ஒரு சொடுக்கில் கிடைக்கும் போனஸுக்கு வேறு செலவே கிடையாது. எல்லாக் கோளிலும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கட்டிவைத்தால் எந்தப் போனஸும் முழுசாகக் கிடைக்காது.

ஒரு வளத்தின் கையிருப்பு பூஜ்யமாகி வரவும் எதிர்மறையில் நின்றால் பற்றாக்குறை நிலை தொடங்கி, உற்பத்தியையும் படையையும் ஒருசேரக் கடிக்கும். அதைத் தடுக்க மார்க்கெட்டில் மாதாந்திர வாங்கலை அமைத்துவையுங்கள். உள்நாட்டு மார்க்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 30 சதவீதம் என்பதால் இது நிரந்தரத் தீர்வு ஆகாது, ஆனால் மாதம் 10, 20 என்று சிறிய அளவில் வாங்கினால் விலை பெரிதாக ஏறாது. ஒரே நாளில் 1000 மினரலை மொத்தமாக வாங்கினால் விலை எகிறிவிடும், இறங்க நாளாகும். உணவு மிகுதியாக இருந்தால் அதையே மாதாமாதம் விற்றுவிடுங்கள். பெரும்பாலான வளங்களின் அடிப்படைச் சேமிப்பு எல்லை 15,000. அதைத் தொட்டபின் வருவது காற்றில் போகிறது.

எம்பயர் சைஸ் (பேரரசின் அளவைக் காட்டும் எண்) 100-ஐத் தாண்டியதும் ஆராய்ச்சிக்கும் டிரெடிஷனுக்கும் ஆகும் செலவு ஏறத் தொடங்கும். இதைக் கண்டு பயந்து விரிவாக்கத்தை நிறுத்துபவர்கள் உண்டு. அது தவறான பயம். நன்றாக உற்பத்தி செய்யும் கோள் அந்த ஏற்றத்தைவிட அதிகமாகவே தரும். வீணாகச் சைஸை ஏற்றுவது, ஆள் குடியேறாத மாவட்டங்களை முன்கூட்டியே கட்டிவைப்பதுதான். காலி மாவட்டம் பராமரிப்புச் செலவையும் இழுக்கும்.

ஒரு கோளின் ஸ்டெபிலிட்டி (அமைதி நிலை) 50-க்கு மேலே இருந்தால் உற்பத்தி கூடும், கீழே போனால் குறையும், 25-க்குக் கீழே கலகம் வரும். அது சரியும்போது முதலில் அமெனிட்டீஸ் (மக்களுக்கான வசதிகள்), அடுத்து வீட்டு இடம், அடுத்து வேலையில்லாதவர்கள் என்ற வரிசையில் பாருங்கள். பத்தில் எட்டு தடவை இந்த மூன்றுக்குள்ளேயே காரணம் இருக்கும்.

எவ்வளவு அலாய் போதும் என்ற கேள்விக்கு எங்கள் கருத்து: சாதாரணக் கடினநிலையில் 2230 வாக்கில் மாதம் 50 அலாய் வந்தால் அண்டை நாட்டைத் தாங்கலாம், 100 வந்தால் நீங்களே போரைத் தொடங்கலாம். போர்த்திட்டம் உறுதியாக இருந்தால் பொருளாதாரக் கொள்கையை மிலிட்டரைஸ்டுக்கு மாற்றுங்கள். அலாய் கூடும், கன்ஸ்யூமர் குட்ஸ் குறையும். கொள்கையை மாற்றினால் 10 ஆண்டுகள் மறுபடி தொட முடியாது என்பதால், கன்ஸ்யூமர் குட்ஸ் கையிருப்பைச் சேர்த்துக்கொண்டு மாற்றுங்கள்.

எல்லைக் காவல்

அவுட்போஸ்டுகள், பேரரசு வைத்திருக்கக்கூடிய ஸ்டார்பேஸ் (விண்வெளித் தளம்) கணக்கில் சேராது. அடுத்த படியான ஸ்டார்போர்ட்டாக உயர்த்தினால்தான் சேரும். கணக்கில் உள்ள இடங்களை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று கப்பல் கட்டும் தளம். இன்னொரு பங்கு நுழைவாயில் கோட்டை. மீதி ஆங்கரேஜ் மாட்யூல் நிரம்பிய தளங்கள். ஒவ்வொரு ஆங்கரேஜும் நேவல் கெப்பாசிட்டியை (தாங்கக்கூடிய கப்பற்படையின் அளவை) 4 உயர்த்தும். ஸ்டார்போர்ட்டில் 2 மாட்யூல், ஸ்டார்ஹோல்டில் 4, ஸ்டார் ஃபோர்ட்ரஸில் 6.

நுழைவாயிலில் எந்த விண்மீன் இருக்கிறது என்று பாருங்கள். பல்சர் மண்டலத்தில் யாருக்கும் ஷீல்டு வேலை செய்யாது. உங்கள் பாதுகாப்புத் தளங்களை முழுக்க ஆர்மரில் கட்டிவைத்தால், ஷீல்டை நம்பி வரும் எதிரி பாதி பலத்தோடு சண்டை போடுவான். நியூட்ரான் விண்மீன் மண்டலத்தில் கப்பல்கள் மெதுவாகவே நகரும். உதவிப்படை வந்துசேர நேரம் கிடைக்கும். எஃப்டிஎல் இன்ஹிபிட்டர் டெக்னாலஜி வந்ததும், கோட்டை இருக்கும் மண்டலத்தில் நுழைந்த எதிரி வந்த வழியே திரும்பத்தான் முடியும், அதைக் கைப்பற்றாமல் தாண்டிப்போக முடியாது. கோட்டை தனியாகப் போரை வெல்லாது. எதிரியை அங்கேயே பிடித்துவைத்து, உங்கள் கப்பற்படை வரும்வரை தாங்குவதுதான் அதன் வேலை.

கப்பலை வடிவமைத்தல்

ஆட்டமே உருவாக்கித் தரும் வடிவங்களை ஒதுக்கிவிட்டு ஷிப் டிசைனரைத் திறங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று அடுக்குகள்: ஷீல்டு, ஆர்மர், ஹல் (கப்பலின் உடல்). ஆயுதங்கள் இந்த மூன்றையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. கைனெட்டிக் ஆயுதங்கள் (குண்டு எறியும் வகை) ஷீல்டில் 50 சதவீதம் கூடுதலாகவும் ஆர்மரில் 50 சதவீதம் குறைவாகவும் அடிக்கும். லேசர் இதற்கு நேர் எதிர். பிளாஸ்மா ஆர்மரை உருக்குவதில் லேசரையும் மிஞ்சும், ஷீல்டின் முன்னால் படுத்துவிடும். ஏவுகணையும் ஸ்ட்ரைக் கிராஃப்டும் (கப்பலிலிருந்து கிளம்பும் சிறு தாக்கு விமானங்கள்) ஷீல்டைக் கடந்து செல்லும். டிஸ்ரப்டரும் ஆர்க் எமிட்டரும் ஷீல்டு, ஆர்மர் இரண்டையும் கடந்து நேரே ஹல்லில் படும், ஆனால் ஒரு அடியின் பலம் குறைவு.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "எல்லாவற்றிலும் கொஞ்சம்" என்று கைனெட்டிக், லேசர், டிஸ்ரப்டர் மூன்றையும் ஒரே படையில் கலக்குகிறார்கள். டிஸ்ரப்டர் ஹல்லை அடிக்கும். கைனெட்டிக் இன்னும் ஷீல்டை உடைத்துக்கொண்டிருக்கும். டிஸ்ரப்டர் ஹல்லை முடித்துக் கப்பல் வெடிக்கும்போது, ஷீல்டில் கைனெட்டிக் செய்த அத்தனை சேதமும் வீண். இரண்டில் ஒரு பாதையை எடுங்கள். ஒன்று, ஷீல்டை உடைக்கும் கைனெட்டிக்கும் ஆர்மரை உருக்கும் லேசர் அல்லது பிளாஸ்மாவும் ஏறக்குறைய சமமாக. இன்னொன்று, படை முழுக்க எல்லாவற்றையும் கடந்து செல்லும் ஆயுதங்கள். இரண்டாவது பாதையை எடுத்தால் எதிரியிடம் ஹார்டனிங் உதிரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அவை கடந்துசெல்லும் ஆயுதங்களைத் தடுக்கவே இருப்பவை.

அடுத்தது குறி தப்புவது. அடி படும் வாய்ப்பைக் கணக்கிடுவது எளிது: எதிரியின் இவேஷனிலிருந்து (விலகித் தப்பும் திறன்) உங்கள் டிராக்கிங்கைக் (ஆயுதம் இலக்கைப் பின்தொடரும் திறன்) கழியுங்கள், மீதியை அக்யுரசியிலிருந்து (குறியின் துல்லியம்) கழியுங்கள். லேசரின் அக்யுரசி 90. டிராக்கிங் சின்ன ஸ்லாட்டில் (ஆயுதம் பொருத்தும் இடம்) 50, நடுத்தரத்தில் 30, பெரியதில் 5. இவேஷன் 60 உள்ள கார்வெட் மீது சின்ன லேசர் 80 சதவீதம் படும், நடுத்தரம் 60, பெரியது 35. கார்வெட்டில் ஆஃப்டர்பர்னர் சேர்த்து இவேஷனை 90 என்ற உச்சவரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பெரிய லேசர் கிட்டத்தட்ட படவே படாது. பேட்டில்ஷிப் மட்டுமே கொண்ட படை கார்வெட் கூட்டத்திடம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இந்தக் கழித்தல்தான் விடை. அதனால் பெரிய கப்பல்களோடு, சின்ன ஸ்லாட்டும் பாயிண்ட் டிஃபென்ஸும் கொண்ட டெஸ்ட்ராயர்களைக் காவலுக்கு அனுப்புங்கள். பாயிண்ட் டிஃபென்ஸ் ஏவுகணைக்கு, ஃப்ளாக் ஸ்ட்ரைக் கிராஃப்டுக்கு. எதிரியிடம் இந்த இரண்டும் இல்லையென்றால் காவல் கப்பல் வெறும் அலாய்ச் செலவு.

2022-இல் வந்த 3.6 பதிப்புக்குப் பிறகு டார்பிடோவின் சேதம் இலக்கின் அளவுக்கேற்ப ஏறுகிறது. டார்பிடோ தாங்கும் ஃபிரிகேட்டுகளும் குரூசர்களும் பேட்டில்ஷிப், டைட்டன், ஸ்டார்பேஸ் ஆகியவற்றைக் குறைந்த செலவில் வீழ்த்தும். கார்வெட்டின் மீது அவற்றை ஏவுவதில் பயனில்லை. எதிரி பெரிய கப்பல்களுக்கு மாறிவிட்டான் என்று தெரிந்தால் இதைவிட மலிவான பதில் இல்லை.

ஆரம்பகாலக் கார்வெட்டுக்கு ஒரு நம்பகமான அமைப்பு: இன்டர்செப்டர் பகுதி, மூன்று சின்ன ஆயுதங்களில் ஒன்று மாஸ் டிரைவர், இரண்டு லேசர், பாதுகாப்பில் இரண்டு ஆர்மர், ஒரு ஷீல்டு. ஷீல்டு மின்சக்தியைத் தின்னும், ஆர்மர் தின்னாது. சக்தி போதவில்லையென்று டிசைனர் சிவப்பு காட்டினால் முதலில் ஒரு ஷீல்டை ஆர்மராக மாற்றிப் பாருங்கள். பேட்டில்ஷிப் காலம் வந்தபின், தூரத்திலிருந்தே முதல் அடியைக் கொடுக்கும் அமைப்பு இன்றும் உறுதியானது: மிகப் பெரிய ஆயுதத்துக்கான எக்ஸ் ஸ்லாட்டில் கிகா கேனன் அல்லது டாக்கியான் லான்ஸ், பெரிய ஸ்லாட்டுகளில் கைனெட்டிக் ஆர்ட்டிலரி, கம்ப்யூட்டர் ஆர்ட்டிலரி வகை. கிகா கேனனும் ஆர்ட்டிலரியும் ஷீல்டை நொறுக்கிவிடும் என்பதால் சில கப்பல்களில் மட்டும் லான்ஸ் வைத்து ஆர்மரையும் கவனியுங்கள். கப்பல் எவ்வளவு தூரத்தில் நின்று சண்டையிடும் என்பதைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரை மாற்ற மறந்துவிடாதீர்கள். நீண்ட தூர ஆயுதத்தோடு நெருங்கிச் சண்டையிடும் வகைக் கம்ப்யூட்டரைப் பொருத்தினால் கப்பல் எதிரியின் மூக்குவரை போய் நிற்கும்.

நேவல் கெப்பாசிட்டியில் கார்வெட் 1, டெஸ்ட்ராயர் 2, குரூசர் 4, பேட்டில்ஷிப் 8, டைட்டன் 16 பிடிக்கும். எல்லையைத் தாண்டினால் எல்லாக் கப்பலின் பராமரிப்பும் ஏறும். போர்க்காலத்தில் சிறிது தாண்டுவது தவறில்லை. எனர்ஜி கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று வகுத்துப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

போர் அறிவிக்கும் முன்

எதிரியின் பக்கத்தைத் திறந்து கப்பற்படை ஒப்பீட்டைப் படியுங்கள். ஓவர்வெல்மிங் என்று காட்டினால் விட்டுவிடுங்கள். பழம்பெரும் பலசாலிகளான ஃபாலன் எம்பயர்கள் நெடுங்காலம் அப்படித்தான் காட்டும். சுப்பீரியர் என்றால் கோட்டையோடு சேர்ந்து தற்காப்புப் போர் மட்டும். இக்விவலன்ட் என்றால் வடிவமைப்பில் உங்கள் கை ஓங்கியிருக்க வேண்டும். ஃப்ளீட் பவர் என்ற ஒற்றை எண், உங்கள் ஆயுதம் எதிரியின் அடுக்குக்குப் பொருந்துகிறதா என்பதைச் சொல்லாது. இன்டெல் (உளவுத் தகவல்) போதிய அளவு இருந்தால் அவன் கப்பல்களில் ஷீல்டு அதிகமா ஆர்மர் அதிகமா என்று பார்க்கலாம். பார்த்தபின் உங்கள் கப்பல்களை மேம்படுத்த ஷிப்யார்டுக்கு அனுப்பி முடித்துவிட்டுத்தான் போரை அறிவிக்க வேண்டும். மேம்படுத்தல் பாதியில் இருக்கும்போது போர் தொடங்கினால் அந்தப் படை இல்லாத மாதிரிதான்.

போர் அறிவிப்புத் திரையில் எதிரிப் பக்கம் யார் யார் சேர்வார்கள் என்று பட்டியல் வரும். அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்தி, ஒரு சிறிய நாட்டுக்காக ஒரு ஃபெடரேஷன் முழுவதோடு மோதிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நிலம் வேண்டுமென்றால் கிளெய்ம் வேண்டும். பிடிக்கப் போகும் மண்டலங்களுக்கு மட்டும் போடுங்கள்: மக்கள் வாழும் கோள்கள், நுழைவாயில்கள், அவற்றை உங்கள் எல்லையோடு இணைக்கும் வழி. கூட்டாளி நாடு அதே மண்டலத்தில் உங்களைவிட வலுவான கிளெய்ம் வைத்திருந்தால், ரத்தம் சிந்துவது நீங்கள், மண்டலம் போவது அவர்களுக்கு. அப்படியிருந்தால் இன்னொரு கிளெய்மைச் சேர்த்து வலுப்படுத்துங்கள், இல்லையேல் அந்த மண்டலத்தை மறந்துவிடுங்கள்.

அலாய் இருப்பு எவ்வளவு வேண்டும்? படையில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி கட்டும் அளவு கையில் இருக்கட்டும். உங்கள் டிசைனர் கார்வெட்டுக்கு 100 அலாய் காட்டுகிறது, 30 கார்வெட் வைத்திருக்கிறீர்கள் என்றால் 1000 அலாய் கிடங்கில் இருக்க வேண்டும். ஃப்ளீட் மேனேஜரில் ரீஇன்ஃபோர்ஸ் பொத்தானை அழுத்தினால் இழந்த கப்பல்கள் தாமாகவே கட்டப்பட்டுப் படையோடு வந்து சேரும். ஆனால் அவை தனித்தனியாக வழியில் எதிரியிடம் மாட்டிக்கொள்ளும். பாதை பாதுகாப்பாக இருக்கும்போது மட்டும் அழுத்துங்கள்.

சண்டை நடக்கும்போது

ஆட்டத்தின் வேகத்தைக் குறையுங்கள். பெரிய கப்பல் மெதுவாகவும் கார்வெட் வேகமாகவும் போவதால், எல்லாப் படையையும் எல்லைக்கு ஒரு மண்டலம் முன்னால் கூட்டி நிறுத்துங்கள். பிறகு சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் தாண்டவிடுங்கள். தனித்தனியாகப் போனால் தனித்தனியாகச் சாகும். எண்ணிக்கையில் குறைந்த படைக்குச் சுடும் வேகத்தில் ஒரு போனஸ் உண்டு என்பதால் இரு மடங்கு படை இருந்தாலும் இழப்பு பூஜ்யமாகாது.

ஹல் பாதிக்குக் கீழே போன கப்பல் சண்டையிலிருந்து விலகித் தப்பும் வாய்ப்பு உண்டு. அப்படித் தப்பியவை பழுதுபார்த்ததும் திரும்பிவரும். புதிதாகக் கட்டுவதைவிட இது மலிவு. ஆகவே நோ ரிட்ரீட் கொள்கையை, கப்பலைப் பலிகொடுத்தாவது வெல்ல வேண்டிய போருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோற்பது தெளிவாகிவிட்டால் எமர்ஜென்சி ரிட்ரீட் கொடுத்துவிடுங்கள். படை சில மாதம் காணாமல் போய், சேதத்தோடு வீடு திரும்பும். அந்தச் சில மாதங்களைக் கோட்டைதான் தாங்க வேண்டும்.

ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் ஷிப்யார்டு உள்ள உங்கள் ஸ்டார்பேஸுக்குத் திரும்பிப் பழுதுபாருங்கள். ஷீல்டு தானாக நிரம்பும். ஆர்மரும் ஹல்லும், ரீஜெனரேட்டிவ் ஹல் டிஷ்யூ மாதிரி உதிரி இல்லாவிட்டால், நிரம்பாது. வெற்றி வேகத்தில் அரைகுறைக் கப்பல்களோடு மேலும் மூன்று மண்டலம் உள்ளே போவதுதான் பெரிய படைகள் அழியும் வழக்கமான வழி. ஜகர்னாட் என்ற ராட்சதக் கப்பலை வைத்திருப்பவர்கள் அதையே நடமாடும் பழுதுத் தளமாக எதிரி நாட்டுக்குள் கொண்டுபோகலாம்.

கோளைப் பிடிக்கத் தரைப்படை இறங்கியே ஆகவேண்டும். அசால்ட் ஆர்மி ஒன்றுக்கு 100 மினரல். அலாய் தேவையில்லை என்பதால் போருக்கு முந்தைய ஆண்டிலேயே 15, 20 படைகளைத் திரட்டி வைத்துவிடுங்கள். துருப்புக் கப்பல்களுக்கு ஆயுதம் கிடையாது. அவற்றை ஒரு மண்டலம் பின்னால் நிறுத்தி, ஸ்டார்பேஸ் விழுந்தபின் வரவழையுங்கள். கோளின் தற்காப்புப் பலத்தைவிட ஒன்றரை மடங்கு இல்லாமல் இறக்காதீர்கள். போதவில்லையென்றால் விண்வெளியிலிருந்து குண்டுவீசித் தற்காப்புப் படையைக் குறையுங்கள். குண்டுவீச்சு கோளைச் சிதைக்கும். நாளை உங்களுடையதாகப் போகும் கோளில் செலக்டிவ் நிலையே போதும்.

போர் எப்படி முடிகிறது

ஒவ்வொரு பக்கத்துக்கும் வார் எக்ஸாஸ்ஷன் என்ற சோர்வு 0-இலிருந்து 100 வரை ஏறும். கப்பல் இழப்பு, படை இழப்பு, பறிபோன கோள், வெறுமனே கழியும் காலம் எல்லாம் அதை ஏற்றும். உங்கள் சோர்வு 100-ஐத் தொட்டு 24 மாதம் கழிந்ததும், எதிரி உங்களைக் கட்டாயமாக ஸ்டேட்டஸ் கோ சமாதானத்துக்கு இழுக்கலாம். ஸ்டேட்டஸ் கோவில், நீங்கள் கிளெய்ம் போட்டு முழுமையாகப் பிடித்துவைத்திருக்கும் மண்டலங்கள் உங்களுடையவை. முழுமை என்றால் ஸ்டார்பேஸும் அங்குள்ள குடியேற்றக் கோள்கள் அனைத்தும். ஒரு கோளில் தரைப்படை இறங்காமல் விட்டிருந்தால் அந்த மண்டலம் கைநழுவும்.

இதிலிருந்து போர்த்திட்டம் தானாக வருகிறது. எதிரியின் தலைநகர்வரை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் அவன் படையை உங்கள் கோட்டையருகே வரவழைத்து உடையுங்கள். பிறகு கிளெய்ம் போட்ட மண்டலங்களை ஒவ்வொன்றாக முழுசாகப் பிடித்து முடியுங்கள். அதற்குப் பின்னும் சோர்வு 60-க்குக் கீழே இருந்தால்தான் மேலும் உள்ளே போவதைப் பற்றி யோசிக்கலாம். எல்லாக் கோரிக்கையும் நிறைவேறும் முழு வெற்றிக்கு எதிரி சம்மதிக்க வேண்டும். அவனுடைய சம்மதக் கணக்கின் மீது மவுஸை வைத்தால் எது குறைகிறது என்று வரிவரியாகக் காட்டும். குறைவது சிறியதாக இருந்தால் தொடருங்கள். பெரியதாக இருந்தால் பிடித்ததோடு ஸ்டேட்டஸ் கோ கேளுங்கள். அடுத்து 10 ஆண்டு போர்நிறுத்தம் வரும். அதற்குள் புதிய கிளெய்ம்களுக்கு இன்ஃப்ளூயன்ஸ் சேர்ந்துவிடும்.

பிடித்த கோள்களில் ஸ்டெபிலிட்டி கீழே கிடக்கும். முதல் மாதமே போய் வேலையில்லாதவர்களுக்கு வேலையும் அமெனிட்டீஸும் கொடுங்கள், தேவைப்பட்டால் மார்ஷியல் லா போட்டுப் படைவீரர் வேலைகளைத் திறங்கள். எல்லையிலிருந்து தொலைவில் சிதறிக் கிடக்கும் மண்டலங்களை ஒரு செக்டராக்கி, உங்களுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசாக விடுவித்துவிடுவது பல நேரம் லாபம்: எம்பயர் சைஸ் குறையும், கப்பம் வரும், எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு நாடு நிற்கும்.

பின்னாட்டத்தில் வரும் கிரைசிஸுக்கு (எல்லா நாடுகளையும் அச்சுறுத்தும் பேராபத்து), சமாதான காலத்திலேயே இரண்டு டிசைன்களைத் தயாராக வைத்திருங்கள். கிரைசிஸ் எதிரிகளில் ஒன்றான பிரெத்தோரின் கப்பல்களுக்கு ஷீல்டு கிடையாது, ஆர்மரும் ஹல்லும்தான்; அவை ஏவுகணையும் ஸ்ட்ரைக் கிராஃப்டும் வைத்துத் தாக்கும். அவற்றுக்கு லேசர், பிளாஸ்மா, கூடவே பாயிண்ட் டிஃபென்ஸும் ஃப்ளாக்கும். இன்னொரு கிரைசிஸ் எதிரியான அன்பிடன் இதற்கு மறுதலை: கனத்த ஷீல்டு, ஆர்மர் இல்லை, அதற்குக் கைனெட்டிக் நிறைந்த படை. இரண்டு டிசைனையும் சேமித்துவைத்து, எது வருகிறது என்று அறிவிப்பு வந்த மாதமே படையை ஷிப்யார்டுக்கு அனுப்பி மேம்படுத்திவிடுங்கள். முதல் மண்டலங்கள் விழும்போதே மேம்படுத்தல் முடிந்திருக்கும்.